சேலத்துத் தண்ணீரில் மீன் தொட்டி: வாங்குவதிலிருந்து வளர்ப்பது வரை

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் தொட்டி, கூழாங்கல், மோட்டார், பத்து மீன் எல்லாம் ஒரே பையில் வாங்கி வருவார்கள். அன்று சாயங்காலமே தொட்டி ஓடும், பிள்ளைகள் குதிக்கும். பத்து நாளில் மீன் ஒவ்வொன்றாக மிதக்கும். கேட்டால் "வாஸ்து மீனுங்க, வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை அது வாங்கிக்கிச்சு" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். மீன் வாங்கிக்கொண்டது கஷ்டத்தை அல்ல, அம்மோனியாவை. அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது, சேலத்துத் தண்ணீரில் அது ஏன் கூடுதலாகக் கொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சாவுகளைத் தவிர்க்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. முதல் வேலையாக ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். சேலத்தில் நம் பிரச்சினை வெயிலும் கடின நீரும். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் இரண்டுமே தலைகீழ். ஆகவே இதில் இரண்டு ஊருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஆர்.ஓ. மெஷின் சர்வீசுக்கு வருபவர் கையில் ஒரு டி.டி.எஸ். பேனா வைத்திருப்பார்; நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது அது. அப்படி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை பெரிதில்லை. வீட்டில் வரும் நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள்.

நல்ல தண்ணீர் என்று நாம் சொல்வது மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர். மீனுக்கும் அது பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான், குளோரின் ஒன்றைத் தவிர. போர் தண்ணீர் கதை வேறு. சேலத்தைச் சுற்றிக் கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருப்பது தெரிந்ததே. அந்த வெள்ளைக்கல் என்பது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். கால்சியமும் மக்னீசியமும் கரைந்த நீர்தான் கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரம் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை விடுகிறது. ஆயிரத்தைத் தாண்டும் போர் தண்ணீர் இங்கே அபூர்வமில்லை. குழாய் முனையில் வெள்ளைப் பொருக்கு படிகிற வீடு என்றால் பேனாகூட வேண்டாம், விஷயம் தெரிந்துவிடும்.

பி.எச்., அதாவது நீர் அமிலமா காரமா என்பதை, அளக்கும் சொட்டு மருந்து கிட்டும் ஒன்று தேவை. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும்: ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, இன்னொன்று செவுளைச் சுடும். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் அந்தச் சுடும் வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். வெப்பம் ஏறினாலும் கூடும். காரத்தன்மையான போர் தண்ணீரையும் கத்திரி வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். வேறு ஊரில் மீன் தாக்குப்பிடிக்கிற அளவு அம்மோனியா இங்கே ஒரே ராத்திரியில் தொட்டியைக் காலி செய்துவிடும்.

ஏற்காட்டில் பாறை சார்னோகைட் வகை. சுண்ணாம்புச் சத்து குறைவு, மழை அதிகம். நீர் பொதுவாக மென்மையாக இருக்கும். அதில் வேறு ஒரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறேன்.

2. தொட்டியும் அது நிற்கும் இடமும்

கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். ஒரு கன அடி என்பது 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் காலி விளிம்பும் போக நிஜத்தில் 45 முதல் 50. புதிதாகத் தொடங்குபவர் இதற்குக் கீழே போகக் கூடாது. சின்னத் தொட்டிதான் சுலபம் என்பது தப்புக் கணக்கு. நீர் குறைவாக இருந்தால் சூடும் அழுக்கும் வேகமாக ஏறும்.

கண்ணாடிக் கடையில் அளவு சொல்லிச் செய்வதானால், பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகான்தான் போட வேண்டும் என்று வாய் திறந்து சொல்லுங்கள். பாத்ரூமுக்குப் போடும் சிலிகானில் அந்த மருந்து இருக்கும், அது மீனுக்கு விஷம். ஒட்டிய பின் சிலிகான் நன்றாகக் காயட்டும். பிறகு நீர் நிரப்பி இரண்டு நாள் வெளியே வைத்துக் கசிவு பாருங்கள்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்றடித் தொட்டி கல், கண்ணாடியோடு சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும். டி.வி. ஸ்டாண்டு தாங்காது. ஸ்டாண்டின் மீது ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் அட்டை விரியுங்கள்.

மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூன்று மணி வெயிலில் சூடேறும் அந்தச் சுவர் இரவு முழுக்கத் தொட்டிக்குச் சூட்டைக் கொடுக்கும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் நீர் பச்சையாகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைவிடத் தரைத்தளம் நல்லது.

தரையில் போட, சாயம் பூசாத ஆற்றுக் கூழாங்கல் போதும். எம்-சாண்ட் கூர்மையானது, தூசியும் நிற்காது. அழகுக் கல் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். கல்லின் மேல் வினிகர் விட்டு, நுரைத்தால் சுண்ணாம்புக் கல் என்று ஒதுக்கச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கும் மார்பிளுக்கும் அது சரி. நம்மூர் வெள்ளைக்கல் குளிர்ந்த வினிகரில் அநேகமாக நுரைக்காது, தேறிவிட்ட மாதிரி ஏமாற்றும். சந்தேகக் கல்லை ஒரு வாளி ஆர்.ஓ. நீரில் ஒரு வாரம் ஊறப் போட்டு, முன்னும் பின்னும் டி.டி.எஸ். அளந்து முடிவு செய்யுங்கள்.

3. ஃபில்டர்

கடையில் விதவிதமாகக் காட்டுவார்கள். இரண்டடித் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்வது ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர். பார்க்க அழகில்லைதான். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் நிற்கும் ஊரில் அதற்கு ஈடு கிடையாது. மூடிய டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டரில் மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் உயிர்வளி தீர்ந்து உள்ளே இருக்கும் பாக்டீரியா சாகத் தொடங்கும். மறுபடி ஓடும்போது அந்த நாற்றமும் தொட்டிக்குள் வரும். திறந்த ஸ்பாஞ்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. சார்ஜ் ஏற்றும் சிறிய ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் அந்த எட்டு மணி நேரம் கழிந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் மாட்டுங்கள். ஏர் பம்ப் இழுப்பது சில வாட்தான்.

பம்பைத் தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் நீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்பில் இறங்கும். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். வழிகிற நீர் அங்கேயே சொட்டிவிடும்.

4. மீன் இல்லாமல் ஒரு மாதம்

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் முக்கால்வாசித் தொட்டிகள் தோற்கின்றன.

மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியா விடுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷமே. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அது ஓரளவு வரை கெடுதலில்லை. இந்த இரு கூட்டமும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். சேலத்துச் சூட்டில் நான்கு வாரம் என்றால், ஏற்காட்டுக் குளிரில் ஆறு, எட்டுகூட ஆகலாம்.

அதுவரை பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே? தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடலாம். இன்னும் கணக்காகச் செய்ய நவச்சாரம் இருக்கிறது. ஈயம் பூசுபவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான்; அம்மோனியம் குளோரைடு. கடைச் சரக்கில் உலோகக் கலப்பு இருக்கலாம் என்பதால் ஆய்வகத் தரம் கேட்டு வாங்குங்கள். 50 லிட்டர் நீருக்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். அம்மோனியா டெஸ்ட் கிட்டில் அது பூஜ்யமாகும்போது மறுபடி போடுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு நைட்ரைட்டும் இறங்கும். போட்ட அம்மோனியா 24 மணி நேரத்துக்குள் மறைந்து, நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டினால் தொட்டி தயார். பாதிக்கு மேல் நீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

குறுக்கு வழி ஒன்று உண்டு, நியாயமான வழிதான். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். பாலுக்கு உறைமோர் மாதிரி வேலை செய்யும், பாதி நாள் மிச்சம். வழியில் காயாமல் அவர் தொட்டி நீரிலேயே முக்கி எடுத்து வாருங்கள்.

ஏற்காட்டுச் சிக்கல் இங்கேதான் வரும். அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா நீரின் காரத்தைத் தின்னும். மென்மையான நீரில் அந்தக் காரம் சீக்கிரம் தீர்ந்து, பி.எச். தடாலென்று விழும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். ஒரு கைப்பிடி கிளிஞ்சல் ஓட்டைக் கழுவித் துணிப்பையில் கட்டி ஃபில்டர் அருகே போட்டால் தேவையான அளவு மெல்லக் கரையும். சேலத்து உப்புத் தண்ணீர்க்காரர்கள் இதைச் செய்யக் கூடாது.

5. தண்ணீருக்கு ஏற்ற மீன்

தண்ணீரை மீனுக்காக மாற்றப் போகாதீர்கள், இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள். பி.எச். குறைக்கும் மருந்து என்று ஒன்று விற்பார்கள். கடின நீரில் அதை ஊற்றினால் அன்றைக்குக் குறையும், மறுநாள் பழைய இடத்துக்கே வரும். அந்த ஏற்ற இறக்கம், பி.எச். 8-லேயே நிலையாக இருப்பதைவிட மோசம்.

உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால். குட்டி போடும் இந்த வகைகள் கடின நீருக்குப் பழகியவை, போர் தண்ணீரில் தெம்பாக இருக்கும். இவற்றை எளிய மீன் என்று ஏளனமாகப் பேசுவோர் உண்டு. கொழுத்த கறுப்பு மோலிக் கூட்டத்துக்கு நிகரான அழகு எனக்குச் சில மீன்களில்தான் தெரிகிறது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வாங்குங்கள், இல்லையேல் ஆண் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். குட்டி வேண்டாம் என்றால் ஆண்கள் மட்டும். அனுபவம் வந்தபின், பெரிய தொட்டி இருந்தால், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்கள். அந்த ஏரி நீரும் காரத்தன்மை உள்ளதுதான். ஆனால் சண்டைக்காரர்கள், வேறு மீனோடு சேர்க்கக் கூடாது.

காவிரி நீர் தாராளமாகக் கிடைக்கிற வீட்டில் ஏஞ்சல், கவுராமி, பார்ப், டானியோ எல்லாம் வைக்கலாம். ஃபைட்டர் மீன் காற்றிலிருந்தும் சுவாசிக்கும் என்பதால் வெயிலைப் பிறவற்றைவிட நன்றாகத் தாங்கும். அதற்காக ஊறுகாய் பாட்டிலில் வைக்காதீர்கள்.

நியான் டெட்ரா, டிஸ்கஸ் இரண்டும் அமேசானின் மென்மையான அமில நீர் மீன்கள். ஆர்.ஓ. நீர் கலக்கும் பொறுமை இல்லாதவர் தொட வேண்டாம்.

இனி கோல்டு ஃபிஷ். சேலத்தில் எல்லோரும் முதலில் வாங்குவது இதைத்தான், வாங்கக் கூடாததும் இதைத்தான். அது குளிர்நீர் மீன். கழிவும் அதிகம் விடும். 33, 34 டிகிரி நீரில் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஏற்காட்டுக்காரர்களுக்கு அது அருமையான மீன், ஹீட்டரே தேவையில்லை. மூன்றடித் தொட்டியில் இரண்டு மூன்று வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒயிட் கிளவுட் மின்னோவும் மலைக்கு ஏற்றது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டுவார்களே, சக்கர் மீன், அது ஓரடிக்கு மேல் வளரும். சுத்தம் செய்வதைவிட அசுத்தம் செய்வதே அதிகம்.

6. கொண்டுவருதல்

கடையில் ஒரே தொட்டியில் இரண்டு மீன் செத்துக் கிடந்தால் அந்தத் தொட்டி மீனே வேண்டாம். பையைப் பதினைந்து நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு மீனை அதே நீரோடு வாளிக்கு மாற்றி, தொட்டி நீரை ஏர் குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சேலத்துக்குள் என்றால் அரை மணி நேரம் போதும். சேலத்தில் வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டு போகிறீர்களா? 1200 மீட்டருக்கு மேல் ஏற்றம். நீரின் வெப்பமும் வேறு, உப்பும் வேறு. ஒன்றரை மணி நேரமாவது சொட்டட்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

முடிந்தால் புது மீனை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். முதலில் நான்கைந்து மீன் விட்டு, சில வாரம் கழித்துக் கூட்டுங்கள். கொளத்தூர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக அள்ளி வராதீர்கள். சென்னைக் கொளத்தூரைச் சொல்கிறேன், நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் அல்ல.

7. தீனி

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு இரு வேளை. வாரம் ஒருநாள் பட்டினி. பொரி, பன், சோறு கூடாது. சாக்கடையில் பிடித்த டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரும். கோல்டு ஃபிஷ் வயிறு உப்பிக் கவிழ்ந்து நீந்தினால் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி கொடுத்துப் பாருங்கள். நாலைந்து நாள் ஊருக்குப் போனால் வளர்ந்த மீன் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து.

8. வாரம் ஒரு மணி நேரம்

மாதத்துக்கு ஒரு ஞாயிறு எல்லா மீனையும் வாளியில் போட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கல்லை வெயிலில் உலர்த்தி... இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். அத்தனை நாள் வளர்த்த பாக்டீரியா அன்றோடு போய்விடும், தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பும். "நல்லாத்தாங்க கழுவினேன், அப்புறம் செத்துப்போச்சு" என்று சொல்வார்களே, கழுவியதால்தான் செத்தது.

வாரம் ஒருமுறை கால்வாசி நீர் மட்டும் மாற்றுங்கள். குழாயால் கல்லுக்கிடையே உள்ள கசடை உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், எடுத்த அந்தத் தொட்டி நீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் காட்டாதீர்கள். கசட்டு நீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம்.

புதிதாக ஊற்றும் காவிரி நீரில் குளோரின் இருக்கும். டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். அவசரத்துக்கு ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தயோசல்ஃபேட். 100 லிட்டருக்கு ஒரு கிராம் தாராளம். கோடையில் மாடி டேங்க் நீரை மதியத்தில் தொடாதீர்கள், அது வெந்நீர். விடியற்காலையில் பிடியுங்கள்.

ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்ட உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டும்தான். அந்த ஈட்டுக்கு ஆர்.ஓ. நீரோ, மாடியை முதல் மழை கழுவிய பிறகு பிடித்த மழைநீரோ ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை சோதனை: அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே.

விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்னேரியா ஆகியவை கடின நீரிலும் வளரும். மணி பிளான்ட்டின் வேர் மட்டும் நீரில் நனையும்படி விட்டால் நைட்ரேட்டை நன்றாக இழுக்கும்.

9. சேலத்துக் கத்திரி, ஏற்காட்டு மார்கழி

20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கத்திரி வெயிலில் மீன் மூச்சுத் திணறுவது இதனால். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறிய ஃபேனைச் சாய்வாக ஓட விடுங்கள். சேலத்து வெயில் வறண்டது என்பதால் ஆவியாதல் நன்றாக நடந்து இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்பைக் கூட்டுங்கள், தீனியைக் குறையுங்கள், விளக்கை இரவுக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். திடீர் இறக்கம் வெயிலைவிடக் கெடுதல்.

மலையில் குளிர், ஆகவே ஆக்ஸிஜன் ஏராளம் என்று எண்ண வேண்டாம். 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. குளிரால் கிடைப்பதில் ஒரு பகுதியை உயரம் பிடுங்கிக்கொள்ளும். ஏர் பம்ப் அங்கும் வேண்டும். கப்பி, ஏஞ்சல் வைத்தால் மார்கழி, தை மாதங்களில் ஹீட்டர் கட்டாயம்: தெர்மோஸ்டாட் உள்ளதாக, 50 லிட்டருக்கு 100 வாட், 25 டிகிரியில் நிறுத்தி வையுங்கள். நீர் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள்; காற்றில் தெரியும் சூடான ஹீட்டர் வெடிக்கும். பனிமூட்டக் காலத்தில் பிளைவுட் ஸ்டாண்டு ஊறி உப்பும், இரும்பு ஸ்டாண்டுதான் சரி.

10. நோய் வந்தால்

மருந்துக்கு ஓடும் முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். துடுப்பு கிழிவது, ஓரத்தில் ஒதுங்குவது, மேலே வந்து மூச்சு வாங்குவது ஆகியவற்றில் பெரும்பாலானவை நீர்க்கேட்டால் வருபவை. கால்வாசி நீர் மாற்றினாலே தெளியும்.

ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வேறு. ஒட்டுண்ணி. வெப்பம் சட்டென்று இறங்கும் மழைக்கால இரவுகளுக்குப் பிறகு அதிகம் வரும். உடம்பில் ஒட்டியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது. உதிர்ந்து பெருகி நீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். எனவே புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் பத்திலிருந்து பதினான்கு நாள் தொடர வேண்டும். கல் உப்பு லிட்டருக்கு இரண்டு கிராம், மூன்று தவணையாகக் கரைத்து ஊற்றுங்கள். ஏற்காட்டில் ஹீட்டரால் நீரை 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகி சீக்கிரம் முடியும். கோல்டு ஃபிஷ் தொட்டியில் அவ்வளவு ஏற்றாமல் உப்போடு நிறுத்துங்கள். செடிகளும் கோரிடோராஸ் என்னும் சின்னக் கெளுத்தி மீனும் உப்பைத் தாங்கா, வேறிடம் மாற்றுங்கள். இந்த நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது.

செதில் சிலிர்த்து வயிறு வீங்கிய மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தனியே எடுத்துவிடுங்கள். மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொட்டியில் கரைப்பது ஃபில்டர் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

11. மிஞ்சிய மீனை என்ன செய்வது

கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரு வருடத்தில் தொட்டி நிரம்பிவிடும். சக்கர் ஓரடி ஆகிவிடும். மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ விட்டுவிட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி மீன் இன்று எந்த ஏரியில் வலை போட்டாலும் வருகிறது. நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சக்கரும் அந்த வேலையைத்தான் செய்யும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். அல்லது புதிதாகத் தொட்டி வைப்பவருக்குக் கொடுங்கள், கூடவே உங்கள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டும் வெட்டிக் கொடுங்கள்.